நன்றியுரை நிலானி

மணி அடித்த பிறகும் நிலானி ஒரு வசனம் பேசுவாள். ஒன்று என்பது பேச்சுக்குச் சொல்வது. அந்த ஒன்றுக்குள் நாலு 'ஆனால்' இருக்கும். டென்மார்க்கின் இஷொய் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் கோணேஸ்வரன் மேடையின் நடுக்கதிரையில் இருந்தபடி மணியை இரண்டாம் முறை ஆட்டுவார். அவள் திரும்பிப் பார்த்து, "முடியுது மாமா, இன்னும் ஒண்டுதான்" என்பாள். அதையும் மைக்குக்குள்தான் சொல்வாள். மண்டபத்தில் மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பேரும் சிரிப்பார்கள். கோணேஸ்வரனுக்குக் காது சிவக்கும்.

மிஞ்சியிருப்பது கொஞ்சப் பேர்தான். ஏனென்றால் நிலானிக்குக் கிடைப்பது எப்போதும் நன்றியுரை. சங்கத்து வழக்கம் அப்படி. விளக்கேற்றத் தம்பதியர், தலைமையுரைக்குத் தலைவர், ஆசியுரைக்குக் கோயில் ஐயர், சிறப்புரைக்கு வெளியூர்ப் பிரமுகர் ஒருவர். பெண்பிள்ளைகளுக்கு வாசலில் பன்னீர்ச்செம்பு, இல்லாவிட்டால் கடைசியில் நன்றி. "அடுத்ததாக நன்றியுரை" என்று செயலாளர் தவராஜா அறிவித்த கணமே சனம் எழும்பி ஜக்கெற் போடத் தொடங்கிவிடும். பின்வரிசை வடைப் பக்கம் நகரும். இஷொயில் நன்றி என்பது கதிரைகளுக்குச் சொல்லப்படும் ஒரு சங்கதி.

வயது பத்தொன்பது. பாக்கியராசாவின் மூத்த மகள். ஜிம்னாசியம் எனும் உயர்பள்ளியில் கடைசி வருடம். சனிக்கிழமைகளில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் மேசை. அந்த மேசையின் பழக்கம் அவளை விட்டு எங்கும் போகாது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தோளுக்கு மேலால் அடுத்த ஆளைப் பார்ப்பாள். பெரியவர் ஒருவர் தன் சேவை வரலாற்றை விரித்தால் இவள் கண் பின்னால் போய்விடும். அவரும் சாமான் வாங்கி முடித்தவர்போலத் தன்னையறியாமல் விலகிக்கொள்வார். சங்கத்துக்குச் சைக்கிளில் வருவாள். சங்கிலியில் சிக்காமல் இருக்கச் சுடிதாரின் வலது காலை மடித்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றால் கவ்வியிருப்பாள். கழற்ற மறந்து அப்படியே மேடை ஏறுவாள். பேச வேண்டியதைப் புறங்கையில் பேனையால் எழுதிவைப்பாள். தமிழ்தான், ஆனால் டெனிஷ் எழுத்தில். கோணேஸ்வரன் ஒருமுறை எட்டிப் பார்த்தார். தன்னுடைய பெயர் அங்கே எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதை அவர் யாருக்கும் சொல்வதில்லை.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அவளுடைய 'ஓம்'. எதைச் சொன்னாலும் மறுக்க மாட்டாள். "ஓம் மாமா, செய்வம். ஆனா ஏன்?" என்பாள். முகத்தில் ஒரு குறும்பும் இருக்காது. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள். அதுதான் கொடுமை. விளக்கை ஏன் தம்பதியர் மட்டும் ஏற்ற வேண்டும், பொன்னாடையை ஏன் மூன்று பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும், தலைவரின் கதிரைக்கு மட்டும் ஏன் கைபிடி என்று அவள் கேட்ட கேள்விகளுக்கு விடை தேடப்போய், தான் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலையில் கோணேஸ்வரன் இரண்டு தரம் வெள்ளைத் துணியோடு நிறத் துணியைப் போட்டிருக்கிறார்.

அந்த மணி ஒன்றும் பரம்பரைச் சொத்தல்ல. மரப்பிடி போட்ட பித்தளை மணி. ஏதோ ஒரு டெனிஷ் பள்ளிக்கூடம் விளையாடும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட வைத்திருந்தது. பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது. ஆனால் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அதை ஆட்டியவர் அவர் ஒருவர்தான். கூட்டம் இல்லாத நாட்களில் அது அவர் வீட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அவருடைய மனைவிகூட மணியைத் தொடாமல் சுற்றிவரத்தான் தூசு தட்டுவார்.

அந்த மணிக்குத்தான் பெப்ரவரிப் பொதுக்கூட்டத்தில் ஆபத்து வந்தது. "தலைவர் பதவிக்கு ஆராவது?" என்று தவராஜா கேட்பது ஒரு மரியாதைக்கு. கேட்டுக்கொண்டே அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். அன்று போக முடியவில்லை. நிலானி கையை உயர்த்தி, "நான்" என்றாள். பக்கத்தில் இருந்த பாக்கியராசா மகளின் சால்வையைப் பிடித்து இழுத்து, "புள்ள, இரி கா" என்று மட்டக்களப்புத் தமிழில் மன்றாடினார். அவள் உட்காரவில்லை.

பெண் என்பதற்காக மறுக்கவில்லை என்று எல்லோரும் மாறி மாறிச் சொன்னார்கள். வயது காணாது, படிப்புக் கெடும், நாளைக்குக் கலியாணம் கட்டி வேறு ஊருக்குப் போய்விடுவாள், மண்டபத் திறப்புச் சாவியை யார் போய் வாங்கிவருவது என்றுதான் யோசித்தார்களாம். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, அவர்களின் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, நிலானி சொன்னாள்: "போன வருஷம் இந்த மேடையில, போர்க்களத்தில பொம்பிளையள் தலைமை தாங்கினதைப் பற்றி மூண்டு பேர் கவிதை வாசிச்சவை. நான்தான் அவைக்கு நன்றி சொன்னனான். அங்க ஏலுமெண்டா இஷொயில ஏன் ஏலாது?"

பதிலுக்கு மணிதான் அடித்தது.

அவளைச் சமாதானப்படுத்த மகளிர் பொறுப்பாளர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள். தேநீரும் வடையும் என்று அதற்குப் பொருள். அவள் "ஓம்" என்று வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக வடை சுடும் முறைப்பட்டியலில் ஆண்களையும் சேர்த்துவிட்டாள். அடுத்த கூட்டம் தவராஜாவின் முறை. சனம் பிஸ்கட் தின்றது.

மே மாதம் இலங்கையில் யுத்தம் முடிந்தது. டெனிஷ் தொலைக்காட்சி அதைச் சட்டென்று சொல்லிவிட்டு வானிலைக்குப் போனது. சங்கம் அது பற்றி இன்னும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. மண்டபத்து மேசைகளில் விரலால் வரைபடம் கீறி, இன்னும் முடியவில்லை என்று நிறுவிக்கொண்டிருந்தவர்களோடு கோணேஸ்வரன் சேரவில்லை. அவருடைய தங்கை அருள்நாயகி முல்லைத்தீவில் கலியாணம் கட்டிப் போனவள். அவள் உயிரோடு இருக்கிறாள். வவுனியாவில் ஒரு முகாமில், முள்ளுக்கம்பிக்குப் பின்னால், ஒரு பெண்பிள்ளையோடு. கணவன் எங்கே என்று தெரியாது. கைமாறிக் கைமாறி வந்த சேதி அவ்வளவுதான்.

யாரிடம் கேட்பது? டெனிஷ் காரியாலயங்களின் தொலைபேசிகளோடு கதைக்கத் தெரிந்த ஒரே ஆளிடம்தான் போக வேண்டியிருந்தது. பாக்கியராசாவின் சமையலறையில் அவர் நின்றுகொண்டிருக்க, நிலானி ஒவ்வொரு காரியாலயத்துக்கும் அழைப்பு எடுத்தாள். இயலாது என்று சொன்னவர்களிடமெல்லாம் அதே மெல்லிய குரலில், டெனிஷில், ஏன் என்று கேட்டாள். அந்தக் கேள்வி தன்னை நோக்கி வராதபோது எவ்வளவு அருமையான கேள்வி என்று அன்றுதான் கோணேஸ்வரனுக்கு விளங்கியது. கடைசியில் ஒரு பெண் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதினாள். அந்த அம்மா பதில் போட்டார்: ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் வருகிறேன், உங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்க.

"தங்கச்சியின்ர விஷயம் சங்கத்துக்குத் தெரியவேண்டாம் மகள்" என்றார் கோணேஸ்வரன். "தலைவர் தன்ர வீட்டுக்காக ஆளைக் கூப்பிட்டவர் எண்டு கதைப்பினம்."

"ஓம் மாமா, சொல்லமாட்டன். ஆனா ஏன்?"

சமையலறையில் மணி இல்லை. அவர் தேநீரைக் குடித்தார்.

பாராளுமன்றம் இஷொய்க்கு வருகிறது என்றதும் நிர்வாகக் குழு விழித்துக்கொண்டது. நிகழ்ச்சி நிரல் தயாரானது: மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, கவிதை. பிறகு சிறப்புரைக்கு அந்த அம்மா. கேட்க வருகிறவரைப் பேசப் போட்டிருக்கிறீர்களே என்று நிலானி தலையில் அடித்துக்கொண்டாள். அரை மணியும் விளக்குக்கே காணாது, தலைமையைத் தன்னிடம் தாருங்கள், முகாமில் ஆட்கள் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பேசவைக்கிறேன், டெனிஷில் தான் சொல்கிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பிரமுகர் வரும் நாளில் ஒரு பிள்ளை தலைமை தாங்கினால் சங்கத்தில் ஆட்கள் இல்லையா என்று நினைப்பார்கள் என்றார் தவராஜா. கோணேஸ்வரன் நிலானியைப் பார்க்காமல், நன்றியுரை அவளுக்கே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் எல்லோரும் காருக்குக் காத்து நின்றார்கள். தலைக்கவசம் போட்ட ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினார். பிரமுகரின் கார் வரப்போகிறது, சைக்கிளை அந்தப் பக்கம் விடுங்கள் என்று தவராஜா கையால் காட்ட, அவரும் நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அவர்தான் பிரமுகர் என்று நிலானி ஓடிவந்து சொன்னபோது, பன்னீர் தெளிக்க வேண்டியவர்கள் முகத்தில் ஈரம் தெரிந்தது. மகளுக்குக் கால்பந்தாட்டம் இருக்கிறது, நேரத்தோடு போகவேண்டும் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

விளக்கேற்ற ஐந்து தம்பதியரைக் கூப்பிட்டார்கள். ஆறாவது தம்பதியர் தாங்களும் அழைக்கப்பட்டதாகச் சொல்லி மேடையடியில் நின்றார்கள். அவர்களுக்குத் திரி இல்லை. திரி திரிக்கப்பட்டது. வரவேற்பு நடனத்தின் பாட்டு ஓடவில்லை. மூன்று சிறுமிகள் சலங்கையோடு கைகூப்பியபடி உறைந்து நிற்க, இசைப்பெட்டியைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள் குனிந்து நின்றார்கள். அந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். தலைக்கவசத்தை எடுத்துப் போட்டு, தாடைக்குக் கீழே வாரை மாட்டத் தொடங்கினார். மேடையில் கோணேஸ்வரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய சட்டைப்பையில் 'பெருமதிப்புக்குரிய' என்று தொடங்கும் தலைமையுரை இருந்தது. அதில் அருள்நாயகி இல்லை.

நிலானி மேடை ஏறினாள். காலில் கிளிப் அப்படியே இருந்தது.

"அடுத்ததாக நன்றியுரை" என்று தானே அறிவித்தாள்.

பழக்கம் பொல்லாதது. பின்வரிசை எழும்பி ஜக்கெற்றைத் தேடியது. இருவர் வடைத் தட்டின் மூடியையும் திறந்துவிட்டார்கள். நன்றியுரை தொடங்கிவிட்டால் கூட்டம் முடிந்தது; முடிந்த கூட்டத்துக்கு நிரலும் இல்லை, தலைமையும் இல்லை. கோணேஸ்வரனின் கை மணிக்குப் போனது. தூக்கியும் விட்டார்.

அவள் டெனிஷில் பேசினாள். முதலில் வந்தவருக்கு நன்றி. அடுத்ததாக வரமுடியாதவர்களுக்கு. இரண்டு தடவை தொழிற்சாலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு இடையில் பேசப்படும் டெனிஷ் அளவே கோணேஸ்வரனுக்குத் தெரியும், பாதி விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு பெயர் வந்தது. அருள்நாயகி. டெனிஷ் வசனத்துக்குள் அது மட்டும் தனியாக, திருத்தமாக இருந்தது. பிள்ளை, கம்பி, தண்ணீர், கணவன் என்ற சொற்கள் பின்னால் வந்தன. மணி அவர் கையில் அந்தரத்தில் நின்றது. பிறகு சத்தம் வராமல் அதை மேசையில் வைத்தார்.

அந்த அம்மா வாரை மாட்டாமல் ஏதோ கேட்டார். நிலானி மைக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"இவவின்ர ஆக்கள் ஆரும் இஞ்ச இருக்கினமோ எண்டு கேக்கிறா மாமா. நான் சொல்லேல்ல. சொல்லுறதெண்டா நீங்கதான் சொல்லோணும்."

ஜக்கெற்றுக்குள் ஒரு கையை விட்டவர்கள் மற்றக் கையை விடாமல் நின்றார்கள். கைபிடிக் கதிரையிலிருந்து கோணேஸ்வரன் எழும்பினார். சட்டைப்பைக்குப் போன கை பாதியில் திரும்பி வந்தது.

"என்ர தங்கச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் அண்ணனான தன்னுடைய செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுவாள் என்றார், முள்ளுக்கம்பி என்றார், அவளுடைய மகளைத் தான் படத்தில் மட்டும் பார்த்திருப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு வசனமும் நிலானியின் வாயால் டெனிஷாகப் போனது. அவள் ஒன்றும் கூட்டவில்லை, ஒரு 'ஆனால்'கூடப் போடவில்லை. அந்த அம்மா தலைக்கவசத்தைக் கழற்றி, பிரமுகர்களுக்கென்று போட்டிருந்த வெறுங்கதிரை ஒன்றில் வைத்துவிட்டு, மேடையின் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே இன்னொருவர், தன்னுடைய ஆட்களும் அங்கேதான் என்று மெதுவாகக் கையை உயர்த்தினார்.

தவராஜா மணிக்கூட்டைப் பார்த்தார். தலைவரே பேசும்போது நேரத்தைக் கவனிப்பது செயலாளரின் கடமை, யாப்பில் இருக்கிறது. அவர் கடமை தவறாதவர். மேசைக்குக் குனிந்து மணியை நோக்கிக் கையை நீட்டினார்.

நிலானி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையில் மைக்கைப் பிடித்து, கோணேஸ்வரன் கடைசியாகச் சொன்னதை டெனிஷில் சொல்லிக்கொண்டே, இடது கையால் மணியைத் தூக்கினாள். பிறகு தலைவர் பேசி முடிக்கும்வரை அதன் நாக்கை இரண்டு விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.