இன்வெர்ட்டர் தெரிந்த பத்துப் பேர்

"சார், இதுல பேட்டரி எங்க கீது?"

என்னிடம் பயிற்சி முடித்த அக்கா அன்று கேட்ட இந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தி. நகரில் ஒரு சர்வீஸ் கடையின் மாடி. மேசைமேல், மூடி கழற்றிய ஏசியின் வெளி யூனிட். "எங்க, இன்வெர்ட்டர பாருங்கம்மா" என்று சொன்ன கடைக்கார பாய், அக்கா வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் பின்னால் இன்னும் ஒன்பது பெண்கள், கையில் சான்றிதழோடு.

மேற்கு மாம்பலத்தில் பெண்களுக்கான ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் நான் வேலைவாய்ப்பு அதிகாரி. பேர்தான் பெரிது. சுற்றுவட்டாரக் கடைகளுக்கு எப்படிப்பட்ட ஆள் தேவை என்று கேட்டு, அதற்கேற்ற வகுப்பைத் தொடங்குவதுதான் வேலை. பாய் ஒருநாள் போன் செய்தபோது ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய காய்கறிக் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "வீட்டு சாமான் சர்வீஸ் பண்றோம் சார். மேசை வேலைக்கு இன்வெர்ட்டர் தெரிஞ்ச லேடீஸ் பத்து பேர் குடுங்க. வெயில் சீசனுக்குள்ள வேணும்" என்றார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போனதும் ஃபேனை ஓட வைக்கிற பேட்டரிப் பெட்டிதான். வெயில் காலத்தில் கரண்ட் போகும், பெட்டிகள் ரிப்பேருக்கு வரும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியதால் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நாலு மாத வகுப்பு. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வயரிங், சார்ஜ் பார்ப்பது. பாயும் விடாமல் விசாரித்தார். "இன்வெர்ட்டர் கிளாஸ் எப்படிப் போவுது சார்?" "பிரமாதமா போகுது பாய்." நாலு மாதம் இரண்டு பேர் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வேறு சாமான்களைப் பற்றி மனதாரப் பேசியிருக்கிறோம்! ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கினால் அவர் கடை. ஒரே ஒரு தடவை போய் டீ குடித்திருந்தால் மேசையில் என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்த்திருப்பேன். போகவில்லை. மெயில் அனுப்பினேன், ஃபாரம் நிரப்பினேன், மீட்டிங் போட்டேன்.

அக்கா ஊரூர் குப்பத்துக்காரர். வகுப்பில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா, எனக்கும்தான். தி. நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் ஒன்பது வருடம் கவுண்டரில் நின்றவர். காலில் நரம்பு சுருண்டு வீங்கி, இனி நாள் முழுக்க நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடையை விடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்டார். "உக்காந்து செய்ற வேலதானே சார்? கன்பார்மா கீதா? இத வுட்டேன்னா திரும்ப சேத்துக்க மாட்டாங்க." நான் சொன்ன பதில் எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "கண்ணை மூடிக்கிட்டு விடுங்கக்கா. நான் இருக்கேன்." என்ன திமிர் பாருங்கள்.

அன்று கடை மாடியில் பாய் கத்தவில்லை. "நான் ஏசிய சொன்னேன் சார். இப்போ வர்ற ஏசி பூரா இன்வெர்ட்டர்தானே? அதுக்குள்ள இருக்கிற சர்க்யூட் போர்டு பாக்கத்தான் ஆள் கேட்டேன்" என்றார். குரலில் கோபத்தைவிட மலைப்புதான் அதிகம். இரண்டே மாதத்தில் போர்டு வேலையைக் கற்றுக்கொடுத்து அழைத்து வருகிறேன் என்று கெஞ்சினேன். "சீசன் தலைக்கு மேல நிக்கிது சார். நாளைக்கே இந்த மேசையில ஆள் உக்காரணும்" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கீழே இறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். "திட்டுங்களேன் அக்கா" என்றேன், தாங்க முடியாமல்.

"திட்டி இன்னா ஆவப்போவுது சார்? இதால உங்க வேலைக்கு ஒன்னும் ஆவாதுல்ல?"

ஒன்றும் ஆகவில்லை. பத்துப் பேரும் பயிற்சியை முடித்தார்கள் என்று ஆண்டறிக்கையில் ஏறியது. வேலை கிடைத்ததா என்று கேட்க அதில் கட்டமே இல்லை. மீட்டிங்கில் எனக்குக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபடி நானும் சிரித்துக்கொண்டு நின்றேன் என்பதுதான் எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை. போர்டு வகுப்பை அதன்பிறகு தொடங்கினேன். ஆளனுப்பிக் கேட்டபோது, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அக்கா எங்கேயோ வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இப்போதெல்லாம் பட்டறையில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்காமல் நான் எந்த வகுப்பையும் தொடங்குவதில்லை. போன தீபாவளிக்கு மனைவியோடு தி. நகரில் ஒரு சின்னப் புடவைக் கடைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். கவுண்டர் ஓரமாக அக்கா, கணுக்காலில் பட்டையாகத் துணி சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் மனைவியின் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். அவரோ என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, வாடிக்கையாளருக்கான ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். எவ்ளோ நேரம் நிப்பீங்க, கால் நோவும்."

நான் உட்கார்ந்தேன்.