மூன்று மடிப்பு, மூன்று ஆமா

கடுகுக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. இதைப் புகாராகச் சொல்லவில்லை. பதினான்கு வருஷம் அவளுக்கு எதிர்முனையில் நின்று ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மடித்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். "இழுத்துப் பிடிடி, சோறு தின்னலையா?" என்பாள். காலையில் வந்ததும் அவள் சொல்கிற முதல் வார்த்தை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் சலவைக்கூடத்தில் மடிப்பறை மேல்தளத்தில் இருக்கிறது. பன்னிரண்டு பெண்கள், ஆறு ஜோடி. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சூட்டோடு வரும் விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, நீளவாக்கில் மடித்துவிட்டு, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். ஒரு விரிப்புக்கு மூன்று தடவை மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி கிட்டே வருவோம். மூன்றாவது தடவை ஒருத்தி தன் கையில் இருப்பதை முழுசாக மற்றவளிடம் கொடுத்துவிடுவாள். கடுகு நாலே முக்கால் அடி. நான் வாசல் நிலையில் தலை இடித்துக்கொள்கிறவள், அதனால் குச்சி. எங்கள் விரிப்பு எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும்.

அறையில் எல்லோருக்கும் இப்படி ஒரு பட்டப்பெயர் உண்டு. யாராவது நம்மைப் பதிவேட்டில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், மெமோ வந்திருக்கிறது, இல்லாவிட்டால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

போன வருஷம் கடுகை அறைக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவள் பேச்சு நிர்வாக அதிகாரியின் காதுக்கு ஒத்துவரவில்லை. பிறரை நம் வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார். நீல அட்டை போட்ட புத்தகம் ஒன்றோடு திரும்பி வந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமாம். பெரிய விஷயத்தைக் கேட்கும் முன் "ஆமா" என்று பதில் வருகிற மூன்று சின்னக் கேள்வி கேட்க வேண்டுமாம்.

முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்த்தாள். அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. போன் போட்டு, மூன்று ஆமா வாங்கி, நாலாவதாக, மாமியாரைக் கண் டாக்டரிடம் ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் கூட்டிப் போகச் சம்மதிக்க வைத்துவிட்டாள். "என்ன, குரல்ல சர்க்கரை கொட்டுது?" என்று அவள் புருஷன் மட்டும் சந்தேகப்பட்டாராம். எங்களிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த மனுஷிக்கு வீட்டில் ஒரு கை உதவி கிடைத்ததே பெரிய விஷயம்.

அடுத்த திங்கட்கிழமை அதிகாரி கொடுத்த ஒரு தாளோடு வந்தாள். என்னை என் பதிவேட்டுப் பெயரால் கூப்பிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வீட்டுல ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று சிரித்தாள். விரிப்பைப் பிடித்தோம். முதல் தடவை கிட்டே வந்தபோது, "உனக்குத் தோள்வலி இன்னும் போகலதானே?" என்றாள். ஆமா என்றேன். இரண்டாவது தடவை, "இப்படிக் கையை நீட்டி உதறினா வலி ஜாஸ்தியாகுது இல்ல?" என்றாள். ஆமா. மூன்றாவது தடவை, "மேசையில வச்சுத் தனியா மடிச்சா சுகமா இருக்கும்ல?" ஆமா என்று சொல்லிக்கொண்டே விரிப்பை அவள் கையில் கொடுத்தேன். அவள் பேனாவை என் கையில் கொடுத்தாள்.

இனி தனித்தனியாக மடிக்க எங்களுக்கு விருப்பம் என்று தாளில் இருந்தது. அதற்குக் கீழே, தேவைப்பட்டால் வேறு பிரிவுக்கு மாற்றச் சம்மதம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி. "அது எல்லாத் தாள்லயும் போடுறதுதான், சார் சொன்னாரு" என்றாள். நான் போட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். டீ வருவதற்குள் பதினோரு கையெழுத்து.

வியாழக்கிழமை அதிகாரி அவளைக் கூப்பிட்டு ஒரு பட்டியலைக் காட்டினார். தனியாக மடித்தால் ஏழு பேர் போதும். மீதி ஐந்து பேர் கீழ்த்தளத்துக்கு. அங்கேதான் வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணியைப் பிரிப்பார்கள். ரத்தம், சீழ், மலம் எல்லாம் இருக்கும். கவனக்குறைவான நர்ஸ் யாராவது விட்டுப்போன ஊசியும் இருக்கும். ஜன்னல் கிடையாது. ஒரு தடவை போனவர்கள் மேலே திரும்பி வந்ததில்லை. சனிக்கிழமை பத்து மணிக் கூட்டத்தில் தாளை வைத்து ஆர்டர் போட்டுவிடுவார்கள். பட்டியலில் முதல் ஆள் நான். தோள்வலி இருப்பதால் கை மெதுவாம்.

கடுகு வந்து அத்தனையையும் எங்கள் எல்லோருக்கும் நடுவில் நின்று சொன்னாள். தப்புப் பண்ணிவிட்டேன், கையெழுத்தை வாபஸ் வாங்கினால் சார் எதுவும் செய்ய முடியாது என்றாள். யாரும் நம்பவில்லை. எங்களில் மூத்தவளான பெரியக்கா துணியை மடித்தபடியே, "இது புஸ்தகத்துல எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. கடுகு சிரிக்கவில்லை.

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. விரிப்பைப் பிடித்ததும் கேட்டேன். "என்னை ஏன் முதல்ல கேட்டே?"

அவள் விரிப்பைப் பார்த்தபடி சொன்னாள். "மறுக்காத ஆளா பாத்து ஆரம்பிக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருந்துது."

அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை. நாற்பது விரிப்பு இருக்கும், நூற்றிருபது தடவை மூக்கோடு மூக்காக வந்தோம், ஒரு வார்த்தை கிடையாது. கோபம் என்று சொன்னால் போதாது. பதினான்கு வருஷம் நான் அவளுக்கு மறுக்காமல் இருந்தது பயத்தாலோ புத்திக்குறைவாலோ அல்ல. அதைப் போய் ஒரு வழிமுறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டாளே என்று மனசு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தியாகப் போய்ப் பணிவாகக் கேட்டுப் பார்த்தாள். பணிவாகக் கேட்கக் கேட்க ஆட்கள் பின்வாங்கினார்கள். மத்தியானம் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. துணி வண்டியை ஓங்கி ஓர் உதை உதைத்தாள்.

"நம்பாட்டிப் போங்கடி! சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்தறுத்தது நான்தான், ஒத்துக்கறேன். இப்ப எழுதிக் குடுக்கலேன்னா திங்கக்கிழமை அஞ்சு பேர் கீழ உக்காந்து ரத்தத் துணியில ஊசி தேடுவீங்க. அன்னைக்கு எங்கிட்ட வந்து மூக்கைச் சிந்தினா, செவுள்ல விடுவேன்."

பெரியக்கா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "இப்பதான் கடுகு பேசறா. பேப்பரைக் கொண்டா."

ஆளுக்கொரு வாபஸ் கடிதத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் முறை வந்தபோது அவள் என்னைக் கேட்கவில்லை. என் தாளை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்து போனாள். சாயங்காலம் மணி அடிக்கும் வரை அது அங்கேயே கிடந்தது. மணி அடித்த பிறகு போட்டேன்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு அதிகாரி தானே மேலே வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த ஆளும் அதே புத்தகத்தைப் படித்தவர் என்று சட்டென்று புரிந்தது. அவர் பெரியக்காவை அவளுடைய பதிவேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இங்க ரொம்ப வருஷமா வேலை பாக்கறீங்க, இல்லையாம்மா?"

"இல்லைங்க சார்" என்றாள் பெரியக்கா.

அதிகாரி இருமினார். அடுத்தவளிடம் திரும்பினார். "உங்க எல்லாருக்கும் உடம்பு நல்லா இருக்கணும்னுதானே நெனைக்கறோம்?"

"இல்ல சார்."

"இன்னைக்கு சனிக்கிழமைதானே?"

"இல்ல சார்" என்று நான்கு பேர் ஒன்றாகச் சொன்னோம். முன்கூட்டிப் பேசி வைத்ததெல்லாம் இல்லை. பெரியக்கா கோடு போட்டாள், நாங்கள் ரோடு போட்டோம். இப்படி ஒரு 'இல்லை' நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. நாக்குக்கு ருசியாக இருந்தது.

அதிகாரி கடுகிடம் வந்தார். சிரிப்பு போயிருந்தது. "உங்களுக்குப் பயிற்சி குடுத்தது நாங்க."

"ஆமா சார்."

"மேற்பார்வையாளர் ஆக்கினது நாங்க."

"ஆமா சார்."

"அந்தப் பதவி வேணும்தானே?"

கடுகு அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது மூணாவது சார். இதுக்கப்புறம் என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம் சார்."

வாபஸ் கடிதம் பதினொன்றையும் அவர் கையில் கொடுத்தாள். பத்து மணிக் கூட்டத்தில் ஜோடி மடிப்பு பிழைத்தது. ஆனால் பதினொன்றரைக்கு ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ஆர்டர் வந்தது. கடுகு கீழ்த்தளத்துக்கு. பன்னிரண்டாவது ஆளாக அங்கிருந்து ஒரு பெண்ணை மேலே அனுப்பிவிட்டார்கள்.

கடுகு முணுமுணுக்காமல் தன் டம்ளரையும் செருப்பையும் எடுத்துக்கொண்டாள். பெரியக்கா வழியை மறித்தாள். கீழ்த்தள மேஸ்திரிக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், எந்தத் தலை என்று அவர் பார்ப்பதில்லை. அதனால் முறை வைத்துக்கொள்வது, வாரத்துக்கு ஒருத்தி, யாரும் அங்கேயே கிடந்து மாளக் கூடாது என்றாள். முதல் வாரம் தான்தான் என்று கடுகு பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் யார் என்று கேட்க வேண்டும். கடுகு எங்களைச் சுற்றிப் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. அவளுக்கு நேரே போய் நின்றேன்.

"அடுத்த வாரம் நான்."

"குச்சி, உனக்குத் தோளு…"

"வாயை மூடு. நீ கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவேன். கேக்காம இருக்கும்போதே போறேன்."