சகாயசெல்வி படிக்காத தாள்

எங்கள் வேளாண் கல்லூரியில் விழாவுக்கு முதல் நாளே விழாச் செய்தி தயாராகிவிடும். செய்தி மடலின் நான்காம் பக்கம் என் பொறுப்பு. யார் வந்தார், யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்று பதினோரு வருடமாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவர் சகாயசெல்வி.

அனுமந்தைக்கு மேற்கே அவருக்கு அறுபது சென்ட் நிலம். வெயில் காலமெல்லாம் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. மழை பிடித்து அளம் மூடியதும் சொந்த நிலத்தில் நெல். உப்பேறிய மண் என்பதால் எங்கள் பேராசிரியர் தமிழ்வேந்தன் புது ரக நெல்லை அங்கே சோதனைக்குக் கொடுத்தார். இருபத்தைந்து நாள் நாற்று, ஓரிடத்தில் ஒன்று என்று நடும் முறையும் சொல்லிக் கொடுத்தார். சகாயசெல்வி ஒரு மூலையில் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. நாற்பது நாள் முற்றிய நாற்றை மூன்று மூன்றாகச் சேர்த்து நட்டார்.

மழை நாலு நாள் விட்டதும் உப்பு மேலேறிப் பேராசிரியரின் நாற்று கருகிப்போனது. மூலை மட்டும் கதிர் தள்ளியது. தை மாதம் வயல் விழா வந்தபோது பேனரை அந்த மூலையில் கட்டினார்கள். கருகிய பக்கத்தைச் சாமியானாத் துணியால் மறைத்தார்கள். ‘கல்லூரி சொன்னபடி நட்டேன், நல்ல விளைச்சல் கண்டேன்’ என்று அவர் மேடையில் படிக்க வேண்டிய தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

எட்டாவது வரை படித்தவர். தாளை நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

“நான் பேசப்போறத நீங்க நேத்தே எழுதிட்டீங்களா சார்?”

“எப்பவும் இப்படித்தாங்க. சும்மா படிச்சிடுங்க.”

“இதக் கேட்டுட்டு எங்க தெருவுல ஒம்பது பொம்பளைங்க அடுத்த வருஷம் எள நாத்து நடுவாங்க. அத்தனையும் கருகும். அவங்க புள்ளைங்களுக்கு நீங்களா வந்து சோறு போடுவீங்க?”

தாளை அவர் கையிலேயே விட்டுவிட்டு மேடைப் பக்கம் நகர்ந்தேன்.

மேடையில் பெயரைக் கூப்பிட்டதும் சகாயசெல்வி மைக்கிடம் போகவில்லை. நேராகப் போய்ச் சாமியானாத் துணியைத் தூக்கினார். முக்கால் நிலமும் கட்டாந்தரையாகக் கிடந்தது.

“இது நீங்க சொன்னபடி நட்டது சார். மூலையில இருக்குது பாருங்க, அது நான் நட்டது.”

“ஏதோ அதிர்ஷ்டம்மா” என்று தமிழ்வேந்தன் சிரித்துச் சமாளித்தார்.

“அதிர்ஷ்டமா? இருவது வருஷமா உப்புல நிக்கிறேன். புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க காலு மூணே நாள்ல புண்ணாயிடும். என் காலு தாங்குது. நாத்தும் அப்படித்தான், எளசா இருந்தா உப்பு தின்னுடும். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல.”

பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். கல்லூரி முதல்வர் தேநீர் குடிக்காமலே காரில் ஏறினார்.

வாழ்க்கையில் முதல்முறையாக நடந்ததை நடந்தபடி எழுதினேன். முதல்வர் அறையில் அதை அடித்து நீக்கிவிட்டார்கள். அந்த மாத நான்காம் பக்கத்தில் மரம் நடும் விழா வந்தது. ஐப்பசியில்தான் சகாயசெல்வியிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. தெருப் பெண்கள் ஒன்பது பேரோடு நடவில் இருந்தார்.

“செய்தி வரலைங்க. எடுத்துட்டாங்க.”

“வராட்டி போவுது. ஒம்பது வூட்டுக்கும் நானே போய்ச் சொல்லிட்டேன்.”

நிமிர்ந்தார். நாற்றுக் கட்டு ஒன்றை என் பக்கம் நீட்டினார்.

“நாப்பது நாள் நாத்து. பேண்ட்ட மடிச்சிட்டு எறங்குங்க சார். இந்தத் தடவ பாத்துட்டு எழுதுங்க.”