சுவருக்கு அந்தப் பக்கம் போன ரயில்

சுவர் எழுப்ப வந்த கொத்தனார் எத்தனையோ வீடுகளைப் பாகம் பிரித்துக் கொடுத்தவர். ஆனாலும் அன்றைக்கு அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டார். மாடி அறையின் நடுவே சுவர் வேண்டுமாம். அந்தச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு இரண்டு சந்தும் வேண்டுமாம்.

"சந்து எதுக்குங்க?"

"ரயில் போக, வர" என்றார் லிப்ட்காரர், முகத்தைத் திருப்பாமல்.

"அண்ணன் தம்பி பேச மாட்டீங்க, பொம்மை ரயில் மட்டும் போய்ட்டு வரணுமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

லிப்ட்காரர் என்றால் லிப்ட் பழுது பார்க்கிறவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி இல்லை. தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவர். மீசை முளைக்காத வயதிலிருந்து இருவரும் சேர்ந்து அந்த மாடி அறையில் மேஜை மேஜையாகப் போட்டு வளர்த்ததுதான் அந்த ரயில் பாதை. மின்சாரம் அண்ணன் வேலை. தண்டவாளமும் சக்கரமும் தம்பி வேலை. இந்த மாதிரி ரயிலுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் மின்சாரம். தண்டவாளத்தில் கொஞ்சம் அழுக்குப் பிடித்தாலும் எஞ்சின் நொண்டும். தம்பி ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து வைத்தால் கண்ணாடி தோற்றுப்போகும்.

அப்படி இருந்தவர்கள் பிரிந்தது ஒரே ஒரு வாக்கியத்தால். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது வீட்டில் இருந்தது தம்பிதான். இழவுக்கு வந்த அத்தனை பேர் எதிரிலும் அண்ணன் கேட்டார்: "நீ ஒழுங்கா பாத்திருந்தா அவரு போயிருப்பாராடா?" நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தம்பி கையெடுத்துக் கும்பிட்டு, "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றார். அண்ணன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் லிப்ட்காரர் இல்லையே! "நீயா கூப்பிடாம மிதிச்சேன்னா நான் மனுஷனே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீடு இரண்டாயிற்று. அண்ணன் வாசல் தெருவில், தம்பி வாசல் பின் சந்தில். ரயில் பாதையை வெட்ட மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. ரயிலை ஓட்டுகிற குமிழ் அண்ணன் பக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் அதைத் திருகுவார். வண்டி சுவரின் ஒரு சந்தில் நுழைந்து, தம்பி பக்கம் சுற்றி, இன்னொரு சந்தில் வெளியே வரும். அங்கே வண்டி தடுமாறி, துடைத்தும் சரியாகவில்லை என்றால் தம்பி ஒரு எரிந்த தீக்குச்சியைத் திறந்த பெட்டியில் போட்டு அனுப்புவார். குறை ஒயரில் இருக்கிறது, அது உன் வேலை என்று அர்த்தம். அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்து, தளர்ந்த முனையை முறுக்கிவிடுவார். அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் வண்டி அந்தப் பக்கம் நொண்ட ஆரம்பித்தது. மறுநாள் இன்னும் மோசம். குச்சி வரவில்லை. அப்படியென்றால் அழுக்குத்தான். "வீம்புக்குத் துடைக்காம விட்டிருக்கான்" என்று லிப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை இன்னும் திருகினார். திரும்பி வந்த வண்டியைப் புரட்டிப் பார்த்தால் சக்கரமெல்லாம் கறுப்புப் பிசுக்கு. மோந்து பார்த்தார். சமையல் எண்ணெய்! தண்டவாளத்தில் போய் எந்தப் பைத்தியக்காரனாவது எண்ணெய் விடுவானா? வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கிறான் என்று அவருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது.

அப்புறம்தான் பெட்டியில் குச்சி வந்தது. எரியாத, புதுக் குச்சி. மீட்டரை வைத்துப் பார்த்தார், ஒயரில் ஒரு குறையும் இல்லை. "எண்ணெய் விட்டது நீ, குறை என் மேலயா?" என்று சுவரைப் பார்த்துக் கத்திவிட்டு, குச்சியை ஒடித்து எறிந்தார். மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும். எல்லாவற்றையும் ஒடித்தார். பிறகு குச்சி வருவது நின்றது. அந்த நாட்களில்தான் டீக்கடைக்காரர் ஒருமுறை, "உங்க தம்பிக்கு..." என்று ஆரம்பித்தார். "எனக்குத் தம்பியே கிடையாது. டீயைக் குடுங்க" என்று அடைத்துவிட்டார். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட யாருமே இல்லாமல் போனார்கள்.

கடைசியில் ஒருநாள் உள்ளே போன வண்டி திரும்பவே இல்லை. குமிழைக் கோடி வரை திருகினார், சத்தமில்லை. மறுநாள் வேலைக்குப் போன இடத்தில் கை ஓடவில்லை, எதிரில் இருந்த ஸ்பானரையே தேடினார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுமே! "எஞ்சினை எடுத்துட்டு வந்துடறேன், அவ்வளவுதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு பின் சந்துக்குப் போனார்.

கதவைத் திறந்தது தம்பி மனைவி. "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?"

முன்னறையிலேயே கட்டில், வாசலைப் பார்த்தபடி. அதில் தம்பி. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"பக்கவாதம். பேச்சும் போச்சு, வலது கையும் போச்சு. உங்களக் கூட்டிட்டு வரவான்னு கேட்டேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. தானா கூப்பிடணுமாம். இடது கையால தீப்பெட்டியக் காட்டினாரு, மாடியக் காட்டினாரு. வண்டியில குச்சி போடுன்னு புரிஞ்சுக்கவே எனக்கு ஒரு நாளாச்சு. போட்டுட்டு வந்தா, வாசலையே பாத்துட்டு இருந்தாரு மாமா. மூணு நாளும் அப்படித்தான்."

லிப்ட்காரர் மாடிப் பக்கம் கையைக் காட்டினார். "தண்டவாளத்துல எண்ணெய்..."

"நான்தான் விட்டேன். மேல ரயில் சத்தம் கேட்டாத்தான் அவருக்கு ஒரு வாய் இறங்கும். விட்டு விட்டு ஓடுச்சா, கதவுக் கீல் மாதிரின்னு நெனச்சுட்டேன். தப்பா?"

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா."

"டீக்கடைக்காரர்கிட்டகூடச் சொல்லி அனுப்பினேன். உங்களுக்குத் தம்பியே இல்லைன்னுட்டீங்களாமே."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து தம்பியின் இடது கையைப் பிடித்தார். "டேய், வந்துட்டேண்டா. என்னப் பாருடா." தம்பியின் கண்கள் அவர் மேல் பட்டன, நிற்கவில்லை.

"போன வாரம் இன்னொரு தடவை வந்துடுச்சு மாமா. இப்ப யாரையும் அடையாளம் தெரியல. என்னையே தெரியல."

ஒரு வாரம்! ஒடித்துப் போட்ட குச்சிகள் இன்னும் அவர் வீட்டு மாடி மூலையில்தான் கிடந்தன. கூப்பிட்டிருக்கிறான். வாயும் கையும் போன பிறகும், மீதி இருந்ததை வைத்து அண்ணா வா என்று கூப்பிட்டிருக்கிறான். தலையிலடித்துக்கொண்டு அழுதார். தம்பி மனைவி தடுக்கவில்லை.

அழுது முடித்து மாடிக்குப் போனார். தம்பியின் ஸ்பிரிட் பாட்டிலும் துணியும் வைத்த இடத்திலேயே இருந்தன. எண்ணெய்ப் பிசுக்கைச் சாண் சாணாகத் துடைத்தார். சக்கரங்களைச் சுரண்டினார். தம்பி செய்கிற வேலையை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் செய்தார். பிறகு தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போய்க் குமிழைத் திருகினார். வண்டி ஒரு திக்கல் இல்லாமல் இரண்டு சந்திலும் போய் வந்தது. அதை ஓடவிட்டுவிட்டு, மறுபடி பின் சந்துக்கு ஓடினார்.

"சத்தம் கேட்டதும் கண்ணைத் தொறந்துட்டாரு மாமா!" என்று தம்பி மனைவி வாசலிலேயே சொன்னாள்.

தம்பி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லிப்ட்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, படி மிதித்து, நேராக அந்தப் பார்வைக்கு எதிரில் வந்து நின்றார்.

"அண்ணன் வந்துட்டேண்டா."

தம்பி தலையைச் சற்று நகர்த்தினார். எதிரில் நின்ற ஆள் மறைத்தார் போலும். அவரைத் தாண்டி, அண்ணன் வருகிறானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.