அனல் வெளியேறும் வாய்

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்து விமானப் பட்டறையிலிருந்து திரும்பிய என் கணவர், நெசவுக்கு வீட்டுத் தறிக்குழியில் காலே வைக்கவில்லை. மதுரையில் ஏலம்போன ஒரு பழைய எஞ்சினை வாங்கிவந்து, அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு பஞ்சுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டினார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெரு பேசியது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

எஞ்சினைக் குளிரவைக்க முன்னால் புகும் காற்று, அனலாகி அடியிலுள்ள ஒரு வாய் வழியே வெளியேற வேண்டும். "அது கண்டபடி கொட்டுனா விமானத்தப் பின்னால பிடிச்சு இழுக்கும்" என்பார். அதனால் அந்த வாயைச் சுருக்கி, காற்றை வால்பக்கம் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து எஞ்சினை ஓட்டினாலே ஒரு பொம்பளை விசும்பும் சத்தம். வாய் விளிம்பில் காற்று உரசுகிறது, அவ்வளவுதான் என்றார். கேட்கிறவர்களுக்கு அப்படியா இருக்கும்? பட்டப்பகலில், தெருவில் நீட்டியிருக்கும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கொட்டகைப் பக்கம் பார்ப்பார்கள். என் மாமியார் அதன் வாசலில் வேப்பிலை செருகிவைத்தார்.

நெசவுக்காரர் புத்தி எங்கே போகும்? விளிம்பு வழவழப்பாக இருக்கட்டும் என்று மூங்கில் பத்தையில் துணியை இழுத்துக் கட்டி, பாவுக்குப் போடுகிற கஞ்சியையே பூசி, அந்த வாய்க்கு ஓர் உதடு செய்தார். அழுகை நின்றது. தெரு நிம்மதியானது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. அழாமல் ஓடிய எஞ்சின், எதையோ அடக்கிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. போகாதீர்கள் என்று சண்டை போட்டேன். கேட்டால்தானே!

திருச்சுழிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் கிளப்பினார். நானும் மாமியாரும் கரையில் நின்று பார்த்தோம். தரையை விட்டு எழும்பிக் கருவேல மரங்களுக்கு மேலே போனது. சத்தம் விட்டுவிட்டு வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார்.

"தாயி, ஒரே புகையா வந்துச்சு. அவுக அந்தப் பக்கம் விழுந்துட்டாக."

மாமியார் அங்கேயே மாரில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் ஒப்பாரி வைத்தார்.

அந்த ஒப்பாரிக்கு நடுவில்தான் மரங்களுக்குள்ளிருந்து அவர் நடந்து வந்தார். கஞ்சித் துணி சூட்டில் காயக் காய இறுகி, வாயை அடைத்துவிட்டதாம். அது பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது கரியேறிய ஓர் உருவம் மட்டும்.

"கிட்டப் போகாத தாயி. பேய்னா கால் தரையில பாவாது. பாவுதான்னு பாரு" என்றார் ஆட்டுக்காரர்.

பெற்ற தாயே பின்வாங்கினார். பாதம் தெரியாதபடி புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. பயத்தோடுதான் ஓடினேன், குனிந்து இரண்டு கையாலும் காலைப் பிடித்தேன். சுட்டது. உயிருள்ள கால். அழுதேன்.

மாமியார் அப்புறம் நெடுநாள் எங்களோடுதான் இருந்தார். சாகும்வரை மகன் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.