ஜினபாலவின் பாதுகாப்பு உரை

மத்துகமைக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஊரில் யாராவது கரண்டு என்று வாயெடுத்தால் போதும், ஜினபால வந்து நிற்பார். வேலைக்காலம் முழுவதும் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். ஓடும் எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்ததைத் தவிர, ஒரு ஒயரைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு யாரோ கேலியாக "இன்ஜினியர் மாத்தயா", அதாவது இன்ஜினியர் ஐயா, என்று கூப்பிட்டு வைக்க, மனுஷன் அதைப் பட்டமளிப்பு விழாவாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் மனைவி சோமலதா மட்டும், வீட்டில் பல்பு போனால் இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவாள்.

போன வெசாக் பண்டிகையில், மழையில் நனைந்த ஒரு வெளிச்சக் கூட்டைத் தொட்ட பையனைக் கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. பையன் பிழைத்ததே பெரிய புண்ணியம். அதனால் இந்த வருட வெளிச்சக் கூட்டுப் போட்டிக்கு ஊர்ப் புத்த விகாரையின் தலைமைத் துறவி ஒரே ஒரு கட்டளை போட்டார். வீட்டுக் கரண்டு கூடாது. டார்ச் பேட்டரி, சின்ன பல்பு, அவ்வளவுதான். "எல்லாத்தையும் பாத்துக்க ஒருத்தர் வேணும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜினபால எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பாதுகாப்புப் பொறுப்பாளர் பதவி அப்படித்தான் கிடைத்தது.

பதவி கிடைத்த மறுநாளே அவர் தன் வீட்டு வாசலில் எட்டு மூலைக் கூடு ஒன்று கட்டத் தொடங்கினார். மூங்கில் ஈர்க்கும் வெள்ளைத் தாளும் அழகாகத்தான் வந்தன. வெளிச்சம்தான் பிரச்சினை. டார்ச் பேட்டரி தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தாரோ என்னவோ, மோட்டார் சைக்கிள் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து ஒரு டார்ச் பல்பை அதில் மாட்டினார். பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு வெட்டு வெட்டிவிட்டுக் கறுத்துப்போனது. அடுத்ததும் அப்படியே. வாங்கி வைத்திருந்த பல்பெல்லாம் தீரும்வரை மாட்டிக்கொண்டே இருந்தார்.

"சரக்கு மோசம். இப்ப வர்ற பல்பெல்லாம் குப்பை" என்றார்.

"பல்பு எல்லாமா குப்பை?" என்று சோமலதா கேட்டாள். "சின்னப் புள்ளைக்கு யானைத் தீனி போட்டா வயிறு வெடிக்காம என்ன செய்யும்?"

"ஒனக்கு என்னடி தெரியும் வோல்டேஜ் பத்தி?"

"எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாதுன்னு மட்டும் தெரியும்."

கடைசியில் உள்ளே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதுதான் பாரம்பரியம் என்று ஊருக்கு விளக்கம் சொன்னார்.

வெசாக் பௌர்ணமியான போயா தினத்தன்று மாலை, வெயில் சாய்கிற நேரம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையோடு விகாரை வளவில் வரிசையாகத் தொங்கிய கூடுகளை ஜினபால சோதிக்கப் புறப்பட்டார். ஒயரை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், ஒரு கூட்டைக் காதருகே வைத்துக்கூடக் கேட்டார். கடைசியில் சந்தித் தேநீர்க்கடை எம்லின் நோனாவின் தாமரைக் கூட்டருகே வந்து நின்றார். எம்லினுடைய தேநீருக்குச் சீனி தேவைப்பட்ட அளவு அவள் நாக்குக்கும் தேவைப்பட்டது.

தாமரைக்குள் நாலு குட்டி பல்பு, ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்தபடி. முனையில் ஒரு சதுர பேட்டரி. அதன் தலையில் இரண்டு முனைக் குமிழ்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன.

"இப்பிடிக் கோத்தா ஒன்னு போனா எல்லாமே அணைஞ்சிரும், தெரியுமா?" என்றார் ஜினபால. இந்த ஒரு விஷயம் அவருக்கு உண்மையிலேயே தெரியும்.

"அணையட்டுமே மாத்தயா. மாத்திப் போட்டா எரியுது. ஒங்க வீட்டுல ஒன்னுமே எரியலயாமே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜினபாலவின் காது சிவந்தது.

"இந்த பேட்டரி ஒம்பது வோல்ட். ஆபத்து. நான் எடுத்துக்கறேன்."

"நாக்குல வச்சாக்கூட சுருக்குன்னுதான் இருக்கும். இதுல என்ன ஆபத்து?"

"என்கிட்ட இருந்தாதான் பாதுகாப்பு" என்று சொல்லி பேட்டரியைப் பிடுங்கிக் கால்சட்டைப் பைக்குள் போட்டார். அங்கே ஏற்கெனவே அவருடைய சாவிக்கொத்து இருந்தது. வீடு, அலமாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்ந்த இரும்புக் கொத்து.

தாமரை இருண்டது. எம்லின் நேராகப் போய் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அதுவே பயமாக இருந்தது.

பரிசளிப்புக்கு முன்னால் பாதுகாப்பு உரை. துறவி ஆசனத்தில் அமர்ந்திருக்க, ஊர் முழுக்க வெள்ளை உடுத்திப் பாயில் உட்கார்ந்திருக்க, ஜினபால ஒலிபெருக்கியைப் பிடித்தார். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத எதிரி என்று ஆரம்பித்தார். "எதிரி எங்க இருந்து வருவான்னு நமக்குத் தெரியாது" என்றபோது வலது தொடையில் கதகதவென்றது. புழுக்கம் என்று நினைத்துக் காலை மாற்றி வைத்துக்கொண்டார். "அவசரப்படக் கூடாது, நிதானம் வேணும்" என்று சொன்னபோது இடது காலில் நின்றார். "நிதானம்" என்று மறுபடி சொன்னார். இம்முறை அது கூவலாக வந்தது. பைக்குள் சாவி இரண்டு குமிழையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க, நடுவில் பல்பு எதுவும் இல்லாமல் மொத்தச் சூடும் தொடையைத் தேடி வந்துகொண்டிருந்தது.

கையை உள்ளே விட்டார். விரல் சுட, வெளியே இழுத்துக்கொண்டார். ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒரு காலில் குதித்தார், பையை அறைந்தார், சுழன்றார். முன்வரிசை, ஏதோ செயல்விளக்கம் என்று நினைத்துக் கைதட்டியது.

"கழட்டுங்க!" என்று சோமலதா பாயிலிருந்து கத்தினாள். "கால்சட்டையக் கழட்டுங்க மனுஷா, மானம் அப்புறம் பாத்துக்கலாம்!"

தலைமைத் துறவியின் முன்னால், ஊர் பார்க்க, வெசாக் தினத்தில், ஜினபால அதையும் செய்தார். எம்லின்தான் எழுந்து ஒரு பாயை இழுத்து அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். கால்சட்டையை உதறியதும் சாவியும் பேட்டரியும் வேறு வேறாக விழுந்தன.

"என்கிட்ட இருந்தாதான் பாதுகாப்புன்னு சொன்னீங்க" என்றாள் எம்லின், பாயை விடாமலே. "யாருக்குன்னு சொல்லல."

துறவி விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். விசிறி நடுங்கியதைப் பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

தொடையில் கொப்புளம் வந்து ஆறியது. ஜினபால வெளியே தலைகாட்டச் சில நாள் பிடித்தது. வந்தவர் பழைய ஜினபால இல்லை. மத்துகமையில் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் போய், முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு கேட்டாராம். டார்ச் பல்புக்கு எத்தனை பேட்டரி, நடுவில் பல்பு இல்லாமல் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒயரால் ஏன் சேர்க்கக் கூடாது, பேட்டரியை ஏன் இரும்போடு போட்டு வைக்கக் கூடாது, எல்லாம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்.

அடுத்த வெசாக் நெருங்கியபோது வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் சரி. ஆனால் "பேட்டரி" என்று அவர் சொன்ன உடனேயே கேட்பவர்களின் தோள் குலுங்கத் தொடங்கிவிடும். தப்புத் தப்பாகப் பேசியபோது பயபக்தியோடு தலையாட்டிய அதே ஊர், அவர் உண்மையைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடியது.

எம்லின் மட்டும் ஓடவில்லை. அவரைக் கடை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, பல்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி கொடுத்து டார்ச் பேட்டரியில் சேர்ப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டாள். அந்த வருடம் அவளுடைய அன்னக் கூட்டில் ஒரு பல்பு போனபோது மற்றவை எரிந்துகொண்டிருந்தன. முதல் பரிசு அதற்குத்தான். மேடையில் யார் சொல்லிக்கொடுத்தது என்று துறவி கேட்டார்.

"நானே யோசிச்சதுதான் சாமி" என்றாள் எம்லின், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பாயில் உட்கார்ந்திருந்த ஜினபால எழப் போனார். சோமலதா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.