தொடையில் விழுந்த தாளம்

வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்ட்டை, வலியைக் குறைக்க வந்தவள் என்று யாரும் நினைப்பதில்லை. கொடுக்க வந்தவள் என்றுதான் நினைப்பார்கள். 'காலை மடக்குங்க' என்று சொல்லித் திட்டு வாங்கிய என் இனத்தவரே, உங்களுக்குத் தெரியாததா!

தசை

மயிலாப்பூரில் ஒரு மாமா. மாமி காலமானபின் தனியாக இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து, முறிந்த தொடை எலும்புக்குள் கம்பி வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. படுத்தே கிடந்ததில் தசைதான் வற்றிப்போயிருந்தது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அழுத்தச் சொன்னேன். மாமா முக்கி முனகினார். சமையலுக்கு வரும் கன்னியம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா, துண்டைப் போட்டு நசுக்கிக்கினு கீறாரு? அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

தோல்

வாக்கரை விட்டு நடக்க ஆரம்பித்தும் மாமாவுக்கு முகம் தெளியவில்லை. தொடையின் வெளிப்பக்கம் மரத்தே கிடக்கிறது என்று ஒரே புலம்பல். மேலே தோல், அடியில் கொழுப்பு, அதற்கும் கீழே தசை. நடக்கத் தசை போதும், தோலில் உணர்ச்சி வந்தால் வரும், வராமலும் போகும் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நடக்கறதுக்கா கேட்டேன்? கச்சேரிக்குப் போனா எங்காத்துக்காரி தன் தொடையில தாளம் போடமாட்டா. பக்கத்துல உக்காந்துண்டு என் தொடையிலதான் போடுவா. இந்த இடத்துல."

நரம்பு

அன்றிலிருந்து அந்த இடத்தில் உணர்ச்சி வரவேண்டுமே என்று எனக்கும் ஏக்கம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் நான் தொடுவதற்கு முன்பே "தெரியறது, தெரியறது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் முடியும் சமயம், வெறும் கையால் மெதுவாகத் தட்டினேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, மறுபடி தட்டு, வீச்சு. "ஆதி தாளம்" என்றார். என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். சரியாகத்தான் சொன்னார். ஆனால் மூடிய கண்ணைத் திறக்கவில்லை.

"தாளம் தெரியறதும்மா. கைதான் வேற."

தோல், தசை, நரம்பு, எலும்பு என்று ஒவ்வொன்றையும் தேற்ற எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் உள்ளதற்கு 'வியாழக்கிழமை வரேன் மாமா' என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுதான் எங்கள் வைத்தியம்.